கடவுள் சாமான்களைச் சேர்த்து வைப்போம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். உலகத்திலுள்ள மதங்களின் பூஜை சாமான்களை, அதாவது படம், பொம்மை, மணி, மாலை, தாயத்து, தகடு, கயிறு ஆகியவைகளை நாம் சேர்த்து வைக்க வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறோம். "சாமியே இல்லை என்கிறவர்களுக்குச் சாமி சாமான் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். போகப் போக அதற்குப் பதில் சொல்லுவோம்.

இதை வேறு ஜில்லாவில் பேசினால் அதிகமாக விளக்க வேண்டியிருக்கும். இந்த விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் அவ்வளவு தொல்லை இல்லை. ஏனென்றால் மற்ற ஊரார் கடவுள் கைலாசத்திலிருந்தும் வைகுண்டத்திலிருந்தும் பரமண்டலத்திலிருந்தும் வருவதாக நினைக்கிறார்கள். நீங்களோ அவர் லாரியில் ஏறிப் போவதைக் கண்ணால் பார்க்கிறவர்கள். ஒரே அச்சு இயந்திரம், காலையில் முருகனையும், மத்தியானம் வேளாங்கண்ணி மாதாவையும், சாயங்காலம் மக்கா மசூதியையும் அடித்துத் தள்ளுவதை அறிந்தவர்கள். மை ஒன்று, காகிதம் ஒன்று, இயந்திரத்தண்டை நிற்கிற ஆளும் ஒருவர். இந்த ஒரு காட்சியில் உள்ள பாடம் ஆயிரம் சமயச் சொற்பொழிவுகளில் இல்லை. ஆனால் இதைத் தினம் பார்க்கிற தோழரும், வீட்டிற்குப் போனதும் தாம் அடித்த தாளுக்கே சூடம் கொளுத்துகிறார் என்றால், பார்ப்பது மாத்திரம் போதாது, எடுத்து வைத்து யோசிக்க வேண்டும் என்று தெரிகிறதல்லவா?

இந்த வட்டாரத்துப் பழைய கணக்கு ஒன்றை முதலில் பார்ப்போம். 1897-ஆம் வருஷம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து கும்பிட்டார்கள். அது குற்றமென்று கோயில் தர்மகர்த்தாவான ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். வழக்கு மதுரையில் நடந்து, சென்னையில் நடந்து, கடைசியாக லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போயிற்று. 1908-இல் அங்கிருந்து வந்த தீர்ப்பு என்ன? அந்தக் கோயிலுக்குள் போக நாடார்களுக்குப் பாத்தியம் இல்லை என்பதே. கமுதியில் இருக்கிற கல்லை யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்பதைக் கடலுக்கப்பால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார நீதிபதிகள் முடிவு செய்தார்கள்! இதற்கிடையில் 1899-இல் சிவகாசியில் விசுவநாத சுவாமி கோயில் நுழைவைப் பற்றிய சண்டை முற்றி, ஊர் கொள்ளையிடப்பட்டு, வீடுகள் எரிந்து, உயிர்களும் போயின. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரும் நாடாரும் போனது 1939-இல். சென்னை மாகாணத்துக் கோயில்கள் எல்லாவற்றிற்குமாகச் சட்டம் வந்தது 1947-இல்.

நிற்க. 1922-இல் சிவகாசியிலிருந்து ஐய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, அடுத்த வருஷம் திரும்பி வந்து தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும். லேபிள் வேண்டுமானால் அச்சு வேண்டும். அப்படி லித்தோ அச்சு வந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு, பட்டாசைத் தொடர்ந்து காலண்டர் என்று தொழில் பெருகிற்று. காலண்டருக்கு எது போணியாகும்? சாமி படந்தான் போணியாகும். ஆகவே எந்தச் சாமியைப் பார்க்கக்கூடாது என்று பாட்டனாரை அடித்து விரட்டினார்களோ, அந்தச் சாமியைப் பேரப் பிள்ளைகள் லட்சக் கணக்கில் அடித்து, விரட்டினவர் வீட்டுச் சுவரிலும் மாட்டும்படி அனுப்பி வைத்தார்கள். அந்தச் சுவரில் மாட்டுகிறவர், "இது யார் கைபட்ட தாள்?" என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? கல் சாமிக்கு இருந்த தீட்டு காகிதச் சாமிக்கு ஏன் இல்லை? இதற்கு எந்த ஆகமத்தில் பதில் இருக்கிறது? (உள்ளே போவதற்காக அடிபட்டவர்களே, தமக்குப் பின்னால் வந்தவனுக்குக் கதவைச் சாத்தினதுண்டா இல்லையா என்பதை, அவரவர் ஊரை நினைத்து அவரவர் சொல்லிக்கொள்ளுங்கள்.)

இந்தப் படங்களில் உள்ள முகம் எங்கிருந்து வந்தது என்பதையும் கவனியுங்கள். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்தார். அதற்கு இயந்திரமும் ஆளும் ஜெர்மனியிலிருந்து வந்தன. நம் பக்கத்திலோ கோவில்பட்டி கொண்டையராஜுதான் பெயர் பெற்றவர். 1898-இல் பிறந்து, சென்னைச் சித்திரக் கலாசாலையில் படித்து, ரமணாசிரமத்தில் சில காலம் இருந்து, பிறகு நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதப் போனவர். அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்ததனால் அங்கேயே தங்கினார். அவரும் சுப்பையா, ராமலிங்கம் முதலிய சீடர்களும் எழுதின லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் அச்சாகித் தேசம் முழுவதும் போயின. 1976-இல் அவர் இறந்தார். அவரது கைத்திறமையைக் குறைவாகப் பேசுவது நமது நோக்கமல்ல. உண்மையில் மிக நல்ல ஓவியர். நாம் சொல்லுவதெல்லாம் இதுதான்: லட்சக்கணக்கான ஜனங்கள் "அம்மா!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிற முகம், நாடக மேடைச் சீன் எழுதின ஒரு மனிதரின் தூரிகையிலிருந்து வந்தது. அவர் பெயர் அந்தப் படத்தின் மூலையிலேயே இருந்தாலும் கும்பிடுகிறவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

நாம் சேர்க்கச் சொல்லும் சாமான்களில் முதலாவதாக வைக்க வேண்டியது நல்ல படங்கூட அல்ல. அச்சகத்தில் வண்ணம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்காக ஒரே தாளைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்களே, அந்தத் தாள்! அதில் பிள்ளையார் தும்பிக்கையின்மேல் ஏசுநாதர் இருதயமும், அதன்மேல் மசூதிக் கோபுரமும், எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு சினிமா நட்சத்திரமும் விழுந்து கிடக்கும். அதை யாரும் கும்பிடுவதில்லை. கட்டு கட்டப் போகிறது. சரியாக விழுந்த தாள் மாத்திரம் தெய்வமாகிறது. நூலிழை அளவு சிவப்பு விலகினால் அது குப்பை, விலகாவிட்டால் கடவுள்! இதைக் கண்ணாடி போட்டு மாட்டி, கீழே ஒரு வரியும் எழுதாமல் விட்டாலும், பார்க்கிற பையன் தானே யோசிப்பான்.

மதச் சாமான்களைச் சேர்ப்பது நாம் கண்டுபிடித்த புதுமையல்ல. ஜெர்மனியில் மார்பர்க் சர்வகலாசாலையில் ருடால்ப் ஒட்டோ என்ற கிறிஸ்தவ மதப் பேராசிரியர் 1927-இல் இப்படி ஒரு சேகரிப்பைத் தொடங்கினார். அதற்காக இந்தியாவுக்கும் வந்து சாமான்கள் வாங்கிப் போனார். அவர் நோக்கம், எல்லா மதத்திலும் ஒரு புனித உணர்ச்சி இருப்பதைக் காட்டுவது. ஐந்து வருஷம் கழித்து, 1932-இல், ருஷியாவில் லெனின்கிராடில் ஒரு பெரிய மாதா கோயிலுக்குள்ளேயே மத சரித்திரக் காட்சிசாலை திறந்தார்கள். அவர்கள் நோக்கம் நேர் விரோதம். மதம் மனிதன் செய்தது என்று காட்டுவது. பிற்காலத்தில் சோவியத் ஆட்சி போய், அந்தக் கோயிலில் மறுபடியும் பூஜை தொடங்கி, காட்சிசாலை வேறு கட்டிடத்துக்குப் போயிற்று, இன்றும் இருக்கிறது. தைவான் தேசத்தில் 2001-இல் ஒரு பௌத்தத் துறவி உலக மதங்களுக்கெல்லாம் ஒரு காட்சிசாலை வைத்தார். பக்தரும் சேர்த்தார், பக்தியில்லாதவரும் சேர்த்தார். ஆனால் பெட்டிக்குள் இருந்த சாமான் ஒரே சாமான்தான். மணியும் மாலையும் தாயத்தும், யார் சேர்த்தார் என்று பார்த்துத் தம் உருவை மாற்றிக்கொள்ளவில்லை.

உங்கள் சிவகாசிப் படங்களே அமெரிக்காவில் பத்திரமாக இருக்கின்றன. சிராக்யூஸ் சர்வகலாசாலையில் டேனியல் ஸ்மித் என்ற பேராசிரியர் சேர்த்த இந்தியச் சாமி படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கஜ்ரி ஜெயின் என்ற அம்மையார் இந்தக் காலண்டர் படத் தொழிலைப் பற்றி 2007-இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். அடித்து அனுப்பின ஊரிலோ, போன வருஷத்துக் காலண்டரைத் தேடினால் கடலை பொட்டலத்தில் அகப்படும்!

இனி இந்தச் சேகரிப்பினால் என்ன தெரியும் என்பதற்கு ஒரே ஒரு சாமானை எடுத்துக்கொள்ளுவோம். அது கண்.

சாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடி மாதத்தில் கூட்டம் எப்படி வருகிறதென்பது உங்களுக்குத் தெரியும். கண் நோவு தீர்ந்தால் கண்மலர், கால் நோவு தீர்ந்தால் கால் தகடு என்று மாரியம்மன் கோயில்களில் சாத்துகிறார்கள். நாகூர் தர்காவுக்குப் போங்கள். அங்கேயும் வெள்ளித் தகட்டில் கண், கை, கால், வீடு, கப்பல் எல்லாம் கடையில் தொங்கும். வேளாங்கண்ணிக்குப் போங்கள். காணிக்கையாக வந்த சாமான்களை அங்கே ஒரு கூடத்தில் காட்சியாகவே வைத்திருக்கிறார்கள். வைத்தியர் கழுத்தில் மாட்டும் குழாய்கூட வெள்ளியில் இருக்கிறது. இந்த மூன்று இடத்துக் கண்களையும் வாங்கி ஒரு மேஜையில் கலந்து போட்டுவிட்டு, எது இந்துக் கண், எது துலுக்கக் கண், எது கிறிஸ்தவக் கண் என்று பிரிக்கச் சொன்னால், எந்தக் குருக்களும் லெப்பையும் பாதிரியும் திணறத்தான் செய்வார்கள். மெக்ஸிகோவில் மாதா கோயிலிலும் இதே தகடு உண்டு. கிரேக்க நாட்டுக் கோயில்களிலும் உண்டு. அதே கிரேக்க நாட்டில் கொரிந்து என்ற ஊரில், ஏசு பிறப்பதற்கு முந்நூறு நானூறு வருஷங்களுக்கு முன்னால், அஸ்கிளிப்பியஸ் என்ற வைத்தியக் கடவுளுக்கு மண்ணால் செய்து வைத்த கையும் காலும் காதும் தோண்டி எடுக்கப்பட்டு இன்றும் காட்சிசாலையில் இருக்கின்றன. அந்தக் கடவுளைக் கும்பிடுவோர் கூட்டம் எப்போதோ ஓய்ந்துவிட்டது. நோவு மாத்திரம் ஓயவில்லை.

இதைக் கண்டு நாம் சிரிக்கக்கூடாது, தோழர்களே. தகடு வாங்கின தாயாரைப் பார்த்துச் சிரிப்பவன் பகுத்தறிவுவாதி அல்ல. அந்தத் தகடு ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக் கஷ்டத்தின் ரசீது. அம்மை வந்து கண் போன குழந்தைகள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கிழவிகளைக் கேளுங்கள். அம்மனுக்குக் கண் சாத்தினார்கள், கூழ் ஊற்றினார்கள், வேப்பிலை கட்டினார்கள்; நூற்றாண்டு நூற்றாண்டாக அம்மை வந்துகொண்டேயிருந்தது. தடுப்பு ஊசி குத்தினார்கள். 1975-உடன் பெரியம்மை இந்தியாவை விட்டுப் போயிற்று. 1980-இல் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. மதுரையில் 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கின அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் இன்று எத்தனையோ ஆயிரம் பேர் புரை எடுத்துக்கொண்டு பார்வையோடு வீடு திரும்புகிறார்கள். திரும்புகிற வழியில் கண்மலர் யாருக்குப் போகிறது? கத்தி பிடித்தவருக்கா? இதைத்தான் யோசிக்கச் சொல்லுகிறோம். பல கோயில்களில் உண்டியலில் விழுந்த தகடு ஏலத்துக்குப் போய், மறுபடியும் கடைக்கு வந்து, மறுபடியும் உண்டியலில் விழுகிறது. ஒரே கண் எத்தனை பேருடைய கண்ணைக் குணப்படுத்தியிருக்கிறது பாருங்கள்!

பழைய கிரேக்க நாட்டில் டயகோரஸ் என்று ஒரு நாஸ்திகர் இருந்தார். கடலில் புயலில் சிக்கிப் பிழைத்தவர்கள் கோயிலில் மாட்டின படங்களை அவரிடம் காட்டி, "இத்தனை பேரைக் கடவுள் காப்பாற்றியிருக்கிறாரே, இப்போதாவது நம்புகிறாயா?" என்று ஒருவர் கேட்டாராம். "மூழ்கிப் போனவர்களின் படங்களை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். நமது சேகரிப்பில் பிழைத்தவர் தகடு ஒரு பக்கம் இருந்தால், அதன் பக்கத்தில் ஒரு வெறும் ஆணியும் அடித்து வைக்க வேண்டும்.

மாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ருத்திராட்சம் 108, பௌத்தர் மாலை 108, முஸ்லிம் தஸ்பீஹ் 99 அல்லது 33, கத்தோலிக்கர் ஜெபமாலை 59. எண்ணுகிற விரல் ஒன்றுதான். திபெத்தில் மந்திரத்தை எழுதி உருளைக்குள் வைத்துச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் மந்திரம் சொன்ன புண்ணியமாம். அது மெய்யானால் "ஓம்" அச்சடிக்கிற சிவகாசி இயந்திரமும், அதை ஓட்டுகிற தோழரும் மணிக்கு எத்தனை ஆயிரம் தரம் மோட்சம் போக வேண்டும்? அவருக்கு மோட்சம் வேண்டாம், கூலியாவது உயர்ந்ததா?

கூலி என்றதும் பட்டாசுக்கு வருவோம். லட்சுமி வெடி உங்கள் எல்லாருக்கும் தெரியும். செல்வத்தின் தேவதை என்று பூஜை அறையில் வைக்கிற அதே படத்தை வெடியின்மேல் ஒட்டி, திரி கிள்ளிப் பற்ற வைத்து, சுக்கு நூறாக்கி, மறுநாள் காலையில் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறார்கள். யாருக்கும் மனம் புண்படுவதில்லை. தீபாவளி என்றால் புண்படாது போலும்! அந்த வெடியின் உறை ஒன்றை நமது பெட்டியில் கட்டாயம் வைக்க வேண்டும்.

வெடித்தது காகித லட்சுமியோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு பேசமாட்டோம். 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோர் வெந்து செத்தார்கள். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில் இருபது உயிருக்குமேல் போயிற்று. 2016 ஏப்ரல் 10-இல் கேரளத்தில் கொல்லத்துக்குப் பக்கத்துப் பரவூரில், தேவி கோயில் திருவிழா வாண வேடிக்கையில், கோயில் வாசலிலேயே நூறு பேருக்குமேல் மாண்டார்கள். அங்கே தேவியும் இருந்தாள், பக்தியும் இருந்தது. ஆலைச் சுவரிலும் படம் மாட்டியிருக்கிறது, ஆயுத பூஜையும் நடக்கிறது. ஆனால் மருந்து உராய்வுக்கும் வெப்பத்திற்கும் கட்டுப்படுமே தவிர, சுவரிலிருக்கிற படத்திற்குக் கட்டுப்படாது. உயிரைக் காப்பது எது? அறைக்கும் அறைக்கும் உள்ள தூரம், ஒரு அறையில் இத்தனை பேருக்குமேல் கூடாதென்கிற விதி, இவ்வளவு மருந்துக்குமேல் கூடாதென்கிற அளவு, வெயில் ஏறினால் வேலையை நிறுத்துகிற புத்தி, இவைதாம். இந்த விதிகளை எழுதின அட்டையையும் படத்திற்குப் பக்கத்திலேயே வையுங்கள். எதை மதித்த இடத்தில் உயிர் தப்பிற்று என்று பார்க்கிறவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

"சேர்ப்பானேன், உடைத்தால் என்ன?" என்று வாலிபத் தோழர்கள் கேட்கலாம். பெரியார் 1953 மே 27-இல் திருச்சியில் பிள்ளையார் பொம்மையை உடைத்தார். 1956 ஆகஸ்டு 1-இல் ராமன் படத்தைக் கொளுத்தினார். உடைத்ததனால் ஒரு பெரிய கேள்வி கோர்ட்டுக்கு ஏறிற்று. கடையில் வாங்கின களிமண் பொம்மை புனிதப் பொருளா, இல்லையா என்பதே அக்கேள்வி. கீழ்க் கோர்ட்டுகளும் ஐகோர்ட்டும் அல்ல என்றன. 1958-இல் சுப்ரீம் கோர்ட்டோ, வழக்கு பழசாகிவிட்டதென்று அப்பீலைத் தள்ளியபோதிலும், விலையற்ற அற்பப் பொருளானாலும் ஒரு கூட்டத்தார் புனிதமென்று கருதினால் சட்டம் அதைப் பாதுகாக்கும் என்று சொல்லி வைத்தது. இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். பொம்மைக்குள் புனிதம் இருக்கிறது என்று சுப்ரீம் கோர்ட்டுகூடச் சொல்லவில்லை. கருதுகிறவர் மனத்தில் இருக்கிறது என்றுதான் சொல்லிற்று. நாம் சொல்லுவதும் அதுவேதான்! அந்தக் காலத்துக்கு அந்த வேலை அவசியமாக இருந்தது. பயத்தை உடைக்கப் பொம்மையை உடைக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று உடைந்தால் குயவர் இரண்டு விற்பார், ஒன்று எரிந்தால் அச்சகம் பத்து அடிக்கும். பக்கத்து மதத்துச் சாமானோடு சேர்த்து, விலைச் சீட்டையும் கட்டி, அலமாரியில் வைத்த பொம்மையோ, தானே பேச ஆரம்பித்துவிடுகிறது. அன்றியும் அதனால் யாருடனும் கைகலப்பு இல்லை.

எப்படிச் சேர்ப்பது? ஆக்ஸ்போர்டில் பிட் ரிவர்ஸ் என்ற காட்சிசாலை 1884 முதல் இருக்கிறது. அங்கே சாமான்களைத் தேசவாரியாகப் பிரிக்காமல், தாயத்தென்றால் உலகத்துத் தாயத்தெல்லாம் ஒரு பெட்டியில் என்று இனவாரியாக வைத்திருக்கிறார்கள். நமக்கும் அந்த முறையே தகும். மதவாரியாக வைத்தால் ஒவ்வொருவனும் தன் மதத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வான். கண்ணெல்லாம் ஒரு பக்கம், கயிறெல்லாம் ஒரு பக்கம், சாம்பலும் தீர்த்தமும் ஒரு பக்கம் என்று வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் நான்கு விஷயம் எழுதுங்கள்: எங்கே வாங்கினது, என்ன விலை, யார் செய்தது, எதற்காக வாங்குகிறார்கள். நமது அபிப்பிராயத்தை எழுத வேண்டாம். திருடியும் எடுக்க வேண்டாம். கோயிலிலிருந்தும் தர்காவிலிருந்தும் ஒரு துரும்பையும் தொடாதீர்கள். எல்லாம் கடையிலேயே கிடைக்கிறது. ஒருவருக்கு இன்னும் நம்பிக்கை உள்ள சாமானைப் பிடுங்கியும் வரக்கூடாது; மனமார விட்டவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் பூஜை போட்டு வெளிவரும். அன்றைக்குப் பழைய ஆல்பம் எடைக்குப் போகாமல், பிரதி ஒன்றை அச்சகத் தோழர்கள் எடுத்து வையுங்கள். தீப்பெட்டி லேபிளும் வெடி உறையும் வேலை செய்கிற பெண்களுக்கே நன்றாகத் தெரியும். எது எந்த வருஷம் வந்ததென்று அவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். ராகு காலம், எமகண்டம் அச்சடித்த தினசரித் தாளில், அச்சகம் விபத்தான நாளின் தாளையும் ஆலை வெடித்த நாளின் தாளையும் தேடிப் பிடியுங்கள். அன்றைக்கு நல்ல நேரம் எப்போதென்று போட்டிருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும். வீட்டில் பாட்டி சேலைத் தலைப்பில் முடிந்து, பிறகு மறந்து, பெட்டியடியில் கிடக்கிற கண்மலர் ஏதேனும் இருந்தால், எந்தக் கோயிலுக்கு, எந்த வருஷம், யார் கண்ணுக்காக நேர்ந்தது, அந்தக் கண் பிறகு என்னவாயிற்று என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பாட்டி இருக்கும்போதே கேளுங்கள்.